இரவல் நிரல்களும் காவல் கருவிகளும்



பேராக் மாநிலத்தின் கோலகங்சார் நகரில், மாவட்ட அலுவலகத்தின் அருகே, முதிய ரப்பர் மரம் ஒன்று வேலி கட்டிக் காக்கப்பட்டு வருகிறது. சிம்பாங் பூலாயிலிருந்து எங்கள் மாணவர்களை அந்த மரத்தைக் காண அழைத்துச் சென்றிருக்கிறேன். அதன் நிழலில் அவர்களை நிறுத்தி நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "உங்கள் பாட்டனும் பாட்டியும் பால் வெட்டிய மரம் எங்கிருந்து வந்தது?" "தோட்டத்திலிருந்து" என்பான் ஒருவன். "நாற்றங்காலிலிருந்து" என்பாள் இன்னொருத்தி. அதற்கும் முன்னே எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எல்லாரும் மௌனமாகிவிடுவார்கள்.

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரமே. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. ஒன்பது கன்றுகள் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. ஆசியாவின் ரப்பர் தோட்டங்களில் பிற்காலத்தில் நின்ற மரங்களில் மிகப் பெரும்பாலானவை விக்காம் கொண்டுவந்த அந்த விதைகளின் வழித்தோன்றல்களே.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒரே குடும்பத்து மரங்கள் என்றால் அவற்றின் பலவீனமும் ஒன்றேதான். தென்னமெரிக்க இலைக்கருகல் என்னும் பூஞ்சை நோய், பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு 1928-இல் தொடங்கிய மாபெரும் தோட்டத்தைச் சீரழித்தது. 1945-இல் ஃபோர்டு நிறுவனம் அத்தோட்டத்தைக் கைவிட்டது. அந்த நோய் இதுவரை நம் மண்ணில் கால் வைக்கவில்லை. ஆயினும் வந்தால் ஒரு மரத்தோடு நிற்காது என்பதை அறிந்தே, வெளிநாட்டு நடுபொருள்களுக்குக் கடுமையான சோதனை விதிகளை வைத்திருக்கிறார்கள்.

நேயர்களே, இன்றைய உரையின் பொருள் கணினி மென்பொருள். அதற்கு ரப்பர் மரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மென்பொருளும் இன்று நாற்றங்கால் கன்றுகளைக் கொண்டே வளர்க்கப்படுகிறது. கன்று எங்கிருந்து வந்தது, அதில் நோய் உண்டா என்று பார்க்கும் கருவிகள் எவ்வாறு தோன்றின? அந்தக் கருவிகளைச் செயற்கை நுண்ணறிவு முகவர்களின் கையில் இப்போது கொடுக்கிறார்களே, அது ஏன்? இவ்வரலாற்றையே இன்று காணப் போகிறோம்.

முதலில் இரவல் வாங்கும் வழக்கம் எப்படித் தொடங்கியது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணினி 1949-ஆம் ஆண்டு மே மாதம் முதன்முதலாக ஒரு நிரலை இயக்கியது. நிரல் என்பது கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைத் தொடர். அடிக்கடி தேவைப்படும் கணக்குகளை ஒவ்வொருவரும் புதிதாக எழுதுவது வீண் என்று கண்ட அவர்கள், அவற்றைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதித்து, எல்லாரும் எடுத்துப் பயன்படுத்த ஒரு தொகுப்பாக வைத்தார்கள். வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவர் இம்முறையை விளக்கி 1951-இல் ஒரு நூலே வெளியிட்டனர். அந்த நாளில் எழுதியவரும் எடுத்தவரும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். ஐயம் வந்தால் அடுத்த அறைக்குப் போய்க் கேட்டுவிடலாம்.

இணையம் வந்தபின் அந்தத் தொகுப்பு உலகளாவியதாகிவிட்டது. 2010-இல் தோன்றிய என்.பி.எம். என்னும் பொதுக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் தம் நிரலை ஒரு பொதியாகக் கட்டி வைக்கலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நாம் எழுதும் மென்பொருள் பிறருடைய பொதியைச் சார்ந்து நிற்குமானால் அதற்குச் சார்புப் பொதி என்று பெயர். அந்தப் பொதி இன்னொன்றைச் சார்ந்திருக்கும். அது மற்றொன்றைச் சார்ந்திருக்கும். கேட்டது ஒரு கன்று என்றால், வேரோடு சேர்ந்து வருவது ஒரு தோப்பு.

2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒருவர் தம் பொதிகளை அக்களஞ்சியத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார். அவற்றுள் 'லெஃப்ட் பேட்' என்பது வெறும் 11 வரி. எழுத்துக்களுக்கு இடப்பக்கம் இடைவெளி விடுவதே அதன் வேலை. அந்த 11 வரி இல்லாமற் போகவே, உலகின் பல நிறுவனங்களில் மென்பொருள் கட்டும் பணி சில மணி நேரம் தடைப்பட்டது. தாங்கள் எதன்மீது நிற்கிறோம் என்பதைப் பலர் அன்றுதான் அறிந்தார்கள்.

இல்லாமற் போனதால் வந்த துன்பம் அது. இருந்துகொண்டே செய்யும் துன்பம் இதைவிடப் பெரியது. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்பது இணையத்தில் நம் கடவுச்சொற்களை மறைத்து அனுப்ப உதவும் பொதி. 2012-இல் அதில் நுழைந்த ஒரு பிழை ஈராண்டுக் காலம் எவர் கண்ணிலும் படாமல் கிடந்து, 2014 ஏப்ரலில் வெளிப்பட்டது. ஹார்ட்பிளீட் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்தப் பொதியைப் பயன்படுத்திய கணினிகளின் நினைவகத்திலிருந்து இரகசியங்களை வெளியே இழுக்க அந்த ஓட்டை வழிவிட்டது.

இத்தகைய பிழைகளுக்கு ஒரு பதிவேடு வேண்டும் என்ற எண்ணம் இதற்கு முன்பே பிறந்திருந்தது. 1988 நவம்பரில் மாரிஸ் புழு என்னும் நிரல் அன்றைய இணையத்தை முடக்கியபோது, அமெரிக்காவில் கணினி அவசர உதவிக் குழு ஒன்று அமைந்தது. நம் மலேசியாவில் மைசெர்ட் என்னும் அத்தகைய குழு 1997-இல் உருவானது. ஆயினும் ஒரே பிழையை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயரால் அழைத்து வந்தது. 1999-இல் மைட்டர் என்னும் அமெரிக்க நிறுவனம், 321 பிழைகளுக்குப் பொது எண் கொடுத்து ஒரு பட்டியலை வெளியிட்டது. சி.வி.இ. எண் என்று இன்று சொல்லப்படுவது அதுவே. நோய்க்குப் பெயர் வைத்த பிறகுதானே மருந்தைப் பற்றிப் பேச முடியும்?

பொது எண் கிடைத்தபின் சோதனைக் கருவிகள் எளிதாயின. அவை செய்வது மாயமன்று. ஒரு மென்பொருளில் உள்ள பொதிகளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் வரிசையாகப் படித்து, பிழைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, "இன்ன பொதியின் இன்ன பதிப்பில் இன்ன குறை அறியப்பட்டுள்ளது, இன்ன பதிப்பில் திருத்தப்பட்டுள்ளது" என்று சொல்கின்றன. பெரட்டுக் களத்தில் கிராணி செக்ரோலைப் பிரித்துப் பெயர் வாசித்து ஆள் சரிபார்த்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. 2018-இல் என்.பி.எம். தன்னுள்ளேயே ஒரு சோதனைக் கட்டளையைச் சேர்த்துக்கொண்டது. 2019-இல் கிட்ஹப் நிறுவனம் டிபெண்டபாட் என்னும் கருவியை வாங்கி, பழைய பொதிக்குப் பதில் திருத்திய பொதியைத் தானே முன்மொழியும் வசதியைப் பரவலாக்கியது.

கருவி இருந்தால் போதுமா? போதாது என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் பொதியில் ஓட்டை இருப்பது அறிவிக்கப்பட்டது, திருத்தமும் வெளியானது. அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் அம்மாதமே தன் கணினிகளைக் கருவி கொண்டு சோதித்தது. கருவி உரிய இடத்தைப் பார்க்கவில்லை. ஆகவே ஒன்றும் சொல்லவில்லை. மே மாதத்தில் திருடர்கள் அந்த ஓட்டை வழியே உள்ளே நுழைந்தார்கள். ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் சொந்த விவரங்கள் பறிபோயின.

2021 டிசம்பரில் இன்னொரு பேரிடி விழுந்தது. லாக்ஃபார்ஜே என்பது நிகழ்ச்சிகளைக் குறிப்பேட்டில் எழுதும் எளிய பொதி. அதில் கண்ட ஓட்டைக்குக் கடுமை அளவில் பத்துக்குப் பத்து மதிப்பெண் கிடைத்தது. பிள்ளைகள் விளையாடும் மைன்கிராஃப்ட் முதல் பெரிய நிறுவனங்களின் கணினிகள் வரை அது பரவியிருந்தது. திருத்தம் சில நாளில் கிடைத்துவிட்டது. "அந்தப் பொதி நம்மிடம் எங்கெங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்குத்தான் பலரிடம் விடை இல்லை. இதை முன்னுணர்ந்ததுபோல் அவ்வாண்டு மே மாதத்திலேயே அமெரிக்க அரசு, தனக்கு விற்கப்படும் மென்பொருளுக்குச் சேர்பொருள் பட்டியல் வேண்டும் என்ற நெறிக்கு வழி வகுத்திருந்தது. பிஸ்கட் பொட்டலத்தின் மேல் கோதுமை, சீனி என்று அச்சிட்டிருப்பதைப் போன்றது அப்பட்டியல். இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பும் 2024 அக்டோபரில் இதற்கான வழிகாட்டியை வெளியிட்டது.

நம் தமிழ் மண்ணிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. சென்னையையும் தென்காசியையும் தளமாகக் கொண்டு வளர்ந்த ஜோஹோ நிறுவனத்தை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். அதன் மேனேஜ் எஞ்சின் வரிசையைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட மென்பொருள்களில் 2022-இல் ஒரே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அவற்றுள் இருந்த அப்பாச்சி சந்துவாரியோ என்னும் இரவல் பொதி பழைய பதிப்பாக இருந்ததே காரணம் என்று நிறுவனமே அறிவித்தது. தொலைவிலிருந்தே பிறர் கணினியில் தம் நிரலை இயக்க அந்த ஓட்டை இடம் கொடுத்தது. ஜோஹோ அவ்வாண்டு இறுதிக்குள் திருத்தங்களை வெளியிட்டது. ஆயினும் திருத்தத்தைப் பொருத்திக்கொள்ளாத இடங்கள் இருந்தன. 2023 ஜனவரியிலேயே விமானத் துறையைச் சார்ந்த ஓர் அமைப்பினுள் இவ்வழியாக ஊடுருவல் நடந்திருந்ததை அமெரிக்க அரசின் பாதுகாப்பு முகமை அவ்வாண்டு செப்டம்பரில் வெளியிட்டது.

நேயர்களே, இந்த நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பிழை இருந்ததனால் மட்டும் கேடு வரவில்லை. கண்டறிவதற்கும் களைவதற்கும் நடுவில் சும்மா கிடந்த நாட்களில்தான் கேடு புகுந்தது. கருவி அறிக்கை கொடுக்கும். அறிக்கை நூறு பக்கம் நீளும். படிப்பவருக்கு வேறு வேலை இருக்கும். அறிக்கை மேசையில் உறங்கும். திருடன் உறங்கமாட்டான்.

அந்த இடைவெளியைக் குறைப்பதற்கே செயற்கை நுண்ணறிவு முகவரை அழைக்கிறார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு நில்லாமல், கோப்புகளைத் திறந்து, நிரலை எழுதி, வேண்டிய பொதிகளை இறக்கி, இயக்கியும் பார்க்கும் மென்பொருளே முகவர். அது வெளிக் கருவிகளோடு பேசுவதற்குப் பொது மொழி ஒன்று தேவைப்பட்டது. ஆந்திராபிக் என்னும் நிறுவனம் 2024 நவம்பரில் எம்.சி.பி. என்னும் இணைப்பு நெறிமுறையை வெளியிட்டது. 2025-இல் ஸ்னிக், செம்கிரெப் போன்ற சோதனைக் கருவி நிறுவனங்கள் தம் கருவிகளை இந்நெறிமுறை வழியாக முகவர்கள் அழைக்கும்படி செய்துவிட்டன. மனிதன் அறிக்கையைப் படித்துக் கட்டளையிடும் வரை காத்திராமல், முகவரே கருவியைக் கேட்டு, விடையைப் படித்து, திருத்திய பதிப்பைப் பொருத்தி, நிரல் பழையபடி ஓடுகிறதா என்று சோதித்துவிட முடிகிறது.

இது தேவைதானா என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி சொல்வேன். முகவர்கள் இல்லாத பொதியின் பெயரையும் இருப்பதாகக் கூறிவிடும். 2025-இல் வெளியான ஓர் ஆய்வு, 16 மொழி மாதிரிகளிடம் 5,76,000 நிரல் துண்டுகளை எழுதச் சொல்லிப் பார்த்தது. பரிந்துரைக்கப்பட்ட பொதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உலகத்தில் இல்லாதவை! அத்தகைய கற்பனைப் பெயரில் ஒரு கயவன் நச்சுப் பொதியைக் களஞ்சியத்தில் வைத்துவிட்டால், அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லும் முகவர் நச்சைத்தான் கொண்டுவரும். ஆகவே பொதியை இறக்கும் கை எதுவோ, அந்தக் கைக்கே இறக்குமுன் சோதிக்கும் கடமையும் கொடுக்கப்பட வேண்டும்.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஈப்போவில் மென்பொருள் எழுதும் பணியில் இருக்கிறார். வகுப்பு வருகைப் பதிவுக்கு ஒரு சிறிய நிரல் வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். மடிக்கணினியைத் திறந்து முகவரிடம் சொன்னார். நான் கேட்டது ஒன்று. வந்து நின்ற பொதிகள் நூற்றுக்கு மேல். "இதைத்தான் பாருங்கள் ஐயா" என்று அவர் காட்டினார். எதையும் நிறுவுமுன் சோதனைக் கருவியைக் கேட்க வேண்டும் என்று முகவருக்கு முன்பே விதி எழுதி வைத்திருந்தார். கருவி ஒரு பொதியின் பழைய பதிப்பில் குறை இருப்பதைச் சொன்னது. முகவர் திருத்திய பதிப்பை எடுத்து, எல்லாம் ஓடுகிறது என்று காட்டி, அவருடைய சம்மதத்துக்குக் காத்து நின்றது. இன்னொரு பொதியைப் பற்றிக் கருவி குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாணவர் அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

"கருவியே நல்லது என்கிறதே, ஏன் தள்ளுகிறாய்?" என்று கேட்டேன்.

"நல்லது என்று சொல்லவில்லை ஐயா. குறை தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. இந்தப் பொதி களஞ்சியத்துக்கு வந்தே இரண்டு நாள்தான் ஆகிறது. குறை தெரிய இன்னும் நாளாகும்" என்றார்.

மாணவனிடம் ஆசிரியன் பாடம் கேட்பதைவிட மகிழ்ச்சி வேறு உண்டோ? அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பதற்கு 2024 மார்ச் மாத நிகழ்ச்சி ஒன்று சான்று. எக்ஸ்.இசட். என்னும் பொதியில், ஈராண்டுக்கு மேல் நல்லவர்போல் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர், இரகசிய வாயில் ஒன்றை வைத்துவிட்டார். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்ததால்தான் உலகம் தப்பியது. பதிவேட்டில் இல்லாத நோயைப் பதிவேடு பார்க்கும் கருவி காணாது.

முகவரையே கருவியாக்கும் திருடர்களும் வந்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் என்.எக்ஸ். என்னும் பொதியில் நஞ்சு கலந்தவர்கள், அதை நிறுவியவரின் கணினியில் இருந்த செயற்கை நுண்ணறிவு முகவரைக் கொண்டே இரகசியங்களைத் தேடச் செய்தார்கள். அடுத்த மாதம் ஷாய் ஹுலுட் என்னும் புழு, ஒரு பொதியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே தொற்றி, 500-க்கு மேற்பட்ட பொதிகளில் பரவியது. எனவே முகவருக்குக் காவல் கருவியைக் கொடுக்கும்போதே, எல்லாச் சாவிகளையும் சேர்த்துக் கொடுத்துவிடலாகாது. படிக்கும் உரிமை வேறு, மாற்றும் உரிமை வேறு, வெளியிடும் உரிமை வேறு. முதலிரண்டையும் அளவோடு கொடுக்கலாம். மூன்றாவது மனிதனிடமே இருக்க வேண்டும்.

நம் நாட்டில் 2024-ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு ஆகஸ்டு 26-இல் நடப்புக்கு வந்தது. வங்கி, மின்சாரம், மருத்துவம் முதலிய முக்கியத் துறைகளின் கணினிகளைக் காப்பது அதன் நோக்கம். சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். நிரல் எழுதப் போகும் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியவை மூன்று. இரவல் வாங்கியதற்குக் கணக்கு எழுதி வை. கன்று கொண்டுவரும் கை எதுவாயினும், வாயிலிலேயே சோதிக்கச் சொல். சோதித்தவன் சொல்லைக் கேள். ஆனால் கதவைத் திறப்பது உன் பொறுப்பு என்பதை மறவாதே.

என் தந்தையார் பால் வெட்டிய நாட்களில் ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் கத்தியை வைப்பார். மேற்பார்க்கும் மண்டோர் பின்னால் வருவார் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் அவர் பார்க்காமல் விட்டதில்லை. "மண்டோர் பார்ப்பது அவர் சம்பளத்துக்கு. நான் பார்ப்பது மரத்துக்கு" என்பார். கோலகங்சார் மரத்தடியில் என் மாணவர்களிடம் இப்போது இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.